மாதத்தில் ஒரு சாயங்காலம்: தங்கவயலில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலார் தங்கவயல் பறவை அன்பர்களுக்கு,



ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு பேத்தமங்கலம் ஏரிக்கரைக்கு ஸ்கூட்டரில் போகிறவர்கள் இருக்கிறீர்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது செம்பருந்து வட்டமிடுவதைப் பார்த்து நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறீர்கள். மங்கலான ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, "இது என்ன குருவி சார்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவர்கள், வகுப்புப் பிள்ளைகளை மைதானத்து மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காக்கைக்கும் குயிலுக்கும் உள்ள வழக்கைச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்கள், இன்னும் எத்தனையோ பேர். மொத்தம் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியாது. இந்த மடல் எழுதப்படுவதற்கு அதுதான் காரணம்.

கேட்கப்போவது பெரிய விஷயம் இல்லை. மாதத்தில் ஒரு சாயங்காலம், ஒரே கிழமை, ஒரே இடம், உட்கார்ந்து பேச இரண்டு மணி நேரம். பறவை பார்க்கப் போவது வேறு, பார்த்ததைப் பேசக் கூடுவது வேறு. முதலாவது பல ஊர்களில் தானாக நடந்துவிடுகிறது. இரண்டாவதை யாராவது பிடிவாதம் பிடித்துத்தான் நடத்த வேண்டியிருக்கிறது.

தங்கவயல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது நினைவுக்கு வருவது யஷ் நடித்த சினிமா. புழுதி, துப்பாக்கி, சம்மட்டி. அதற்கு முன்பு தங்கம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியது வரை 800 டன்னுக்கு மேல் தங்கம் ஊரைவிட்டுப் போயிற்று. போகாமல் நின்றது சயனைடு மேடு. பாறையை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தவை 13 மேடுகள். மொத்தம் சுமார் 3.3 கோடி டன் என்று கணக்கு. கோடையில் காற்றடித்தால் அந்த மண் எந்த ஜன்னல் வழியாக வந்து எந்தத் தட்டில் விழும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுமார் 1,000 ஏக்கரில் பரந்து கிடக்கும் இந்த 13 மேடுகளையும் மறுபடி கிளறித் தங்கம் எடுக்க, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கிளறலாமா, கூடாதா என்பது தனிப் பஞ்சாயத்து. வேலை கிடைக்குமா, தூசி கூடுமா, தொழிலாளர் லைன் வீடுகள் என்ன ஆகும் என்று ஊரில் பேச ஆயிரம் இருக்கிறது. இந்த மடலின் கேள்வி அவற்றைவிடச் சின்னது: அந்த மேடுகளில் இன்றைக்கு என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று தேதி போட்டு எழுதிய நோட்டு உங்களில் யாரிடம் இருக்கிறது?

பஞ்சுருட்டானையே எடுத்துக்கொள்வோம். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பச்சைக் குருவி. எழும்பிப் பறந்து ஒரு தேனீயைக் கவ்விக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். உடனே விழுங்காது. கம்பியில் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. பிறகு தேனீயின் பின்பகுதியைக் கம்பியில் வைத்துத் தேய்க்கும். கொடுக்கும் விஷமும் போன பிறகுதான் வாய்க்குள் போகும். இந்தக் குருவி முட்டையிடுவது மரத்தில் இல்லை, மண் சரிவில். அலகால் குத்தி மண்ணை இளக்கி, உள்ளே நுழைந்து, கால்களால் பின்பக்கமாக உதைத்து வெளியே தள்ளும். சற்று எட்ட நின்று பார்த்தால் ஓட்டை வாசலில் வாலின் நுனியும், விட்டுவிட்டுச் சீறும் கொஞ்சம் புழுதியும் மட்டும் தெரியும். ஆணும் பெண்ணும் முறை வைத்து வேலை செய்யும். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்திருக்கும். முழங்கை நீளத்துக்குக் குறையாமல், சில சமயம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்குப் படுக்கைவாட்டில் போகும் சுரங்கம், கடைசியில் கொஞ்சம் அகலமான அறை. ஷிஃப்ட் போட்டுச் சுரங்கம் வெட்டும் ஒரு குருவியைத் தங்கவயல்காரர்களைவிட நன்றாக யார் ரசிக்க முடியும்?

சயனைடு மேட்டு மண் அதற்குத் தோதுப்படுமா? அரைத்த பாறை மாவில் வளை நிற்குமா, பொலபொலவென்று சரிந்துவிடுமா? மழை அறுத்த ஓடைகளின் செங்குத்துக் கரையில் ஓட்டைகள் இருக்கின்றனவா? மேட்டடியில் கோழி மேய்த்தவர்கள், சரிவில் பட்டம் விட்ட பையன்கள் யாராவது பார்த்திருப்பார்கள். பார்த்தது அவர்கள் மண்டையில் இருக்கிறது, இல்லாவிட்டால் போனில் நாலாயிரம் படங்களுக்கு நடுவில் ஒரு படமாக இருக்கிறது. அது சபைக்கு வர ஒரு சபை வேண்டும்.

சபை கூடுவது தங்கவயலுக்குப் புதிய பழக்கம் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்டு நூறு ஆண்டுக்கு மேலாகிறது. பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' இதழை 1920-களில் இதே ஊரிலிருந்து ஜி. அப்பாதுரையார் நடத்தினார். சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய உடம்போடு சாயங்காலம் சொற்பொழிவு கேட்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் சுரங்கத்துக்கு இறங்காமல் நின்ற வேலைநிறுத்தமும் முதலில் கூடிப் பேசியதில் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் கிளப் இருந்தது, கோல்ஃப் இருந்தது. தொழிலாளிக்கு சங்கமும் சபையும் படிப்பகமும் இருந்தன.

பொறுமையாக உட்கார்ந்து எண்ணுவதும் இந்த ஊருக்குத் தெரிந்த வேலை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து கருவிகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தன. காற்றுமண்டலத்தில் பிறந்து பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோ தடம் விடுகிறதா என்று பார்க்க. 1965-இல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சில தடங்கள் கிடைத்தன. இயற்பியல் வரலாற்றில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. பல மாதம் காத்திருந்து இரண்டு மூன்று எண்ணிக்கை. இதோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் நாலு கௌதாரியை எண்ணுவது சொகுசு வேலை.

இனி வெளியூர்ச் சங்கதி. முதலில் பக்கத்து ஊர். பெங்களூரில் ஜோசப் ஜார்ஜ் 1972-இல் தொடங்கி வைத்த பறவை பார்ப்போர் கழகத்துக்கு, மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை லால்பாக் என்பது எழுதப்படாத சட்டம். இந்த மாதம் உண்டா என்று யாருக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. மழை பெய்தாலும் உண்டு, தேர்தல் வந்தாலும் உண்டு. முதல் தடவை போகிறவர் வாசலில் பைனாகுலர் மாட்டிய நாலு பேரைப் பார்த்தால் அவர்களோடு ஒட்டிக்கொள்ளலாம். இப்படிப் போய் ஒட்டிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் பிற்பாடு பறவை ஆராய்ச்சிக்கே போயிருக்கிறார்கள். சென்னையில் 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியும், கொழும்புப் பல்கலைக்கழகத்தை ஒட்டி 1976-இல் பேராசிரியர் சரத் கொட்டகம தொடங்கிய களப் பறவையியல் குழுவும் மாதச் சொற்பொழிவை விடாமல் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. தில்லியில் 1950-இல் தொடங்கிய பறவை பார்ப்போர் சங்கத்துக்கு காந்தியின் நண்பர் ஹொரேஸ் அலெக்ஸாண்டர் முன்னோடி. இந்திரா காந்தியும் அதில் உறுப்பினராக இருந்தார்.

எல்லாவற்றிலும் பழைய கதை அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் நடந்தது. வில்லியம் பிரூஸ்டர் என்ற இளைஞர் வீட்டுப் பரணில் வாரத்தில் ஒரு நாள் இரண்டு மூன்று நண்பர்கள் கூடி, ஆடுபானின் பறவைப் புத்தகத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். 1873-இல் அதற்கு நட்டல் பறவையியல் கழகம் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் நடக்கிறது. பிரூஸ்டர் தன் ஊர்ப் பறவைகளைப் பற்றி 1906-இல் ஒரு புத்தகம் போட்டார். அவர் சிறுவனாக இருந்தபோது அந்த ஊரில் வயலும் சதுப்பும் இருந்தன. பிறகு வீடுகள் வந்தன. எந்தப் பறவை இருந்தது, எது போயிற்று என்று இன்றைக்கு ஒருவர் தேடினால் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

தங்கவயலுக்கு இவற்றைவிட நெருக்கமான உதாரணம் திருப்பூர். அதுவும் உழைப்பாளிகளின் ஊர், அதுவும் கழிவோடு மல்லுக்கட்டிய ஊர். நல்லாற்றுத் தண்ணீரில் நிறையும் நஞ்சராயன் குளம், சாயப்பட்டறைக் கழிவால் பாழான குளங்களின் பட்டியலில்தான் பல காலம் இருந்தது. யாரும் அதைச் சுற்றுலா இடமாக நினைத்ததில்லை. திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்த உள்ளூர் ஆட்கள் வாராவாரம் போய்ப் பார்த்து, எழுதி, படமெடுத்து, பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டி வந்தார்கள். பனியன் ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்த வேலை இது. அதிகாரிகள் முன்னால் போய் நிற்கும்போது, குளத்தைக் காப்பாற்றுங்கள் என்று கையைப் பிசைய வேண்டிய நிலைமை இல்லை. கையில் பட்டியல் இருந்தது. 2022-இல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. பணக்கார ஊர் என்பதால் நடந்தது என்று யாராவது சொல்லக்கூடும். நோட்டுப் புத்தகத்தின் விலை தங்கவயலிலும் அதேதான்.

இன்னொரு தொழில் நகரம், ஜெர்மனியின் கிரெஃபெல்ட். ஒருகாலத்தில் பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பேர் போனது. அங்கே 1905-இல் தொடங்கிய பூச்சியியல் கழகம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு பொழுதுபோக்காகப் பூச்சி பார்ப்பவர்கள். கூடாரம் மாதிரி ஒரு வலையைக் கட்டி, அதில் விழும் பூச்சிகளை எடை போட்டு, ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்துக்கொண்டே வந்தார்கள். அந்தப் பழைய பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து 2017-இல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் 27 ஆண்டுகளில், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடையில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. எழுதத் தொடங்கிய நாளில் அந்த எண் கிடைக்கும் என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பூச்சியை நம்பித்தான் நம் பஞ்சுருட்டானும் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது.

பூச்சியைப் போலத்தான் பொட்டல்காட்டுப் பறவையும். 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, நாடு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்ட பறவை பார்ப்பவர்கள் எழுதிக் கொடுத்த மூன்று கோடிப் பதிவுகள். சம்பளம் வாங்காதவர்களின் வேலை. மிக வேகமாகக் குறைந்துவருபவற்றில் புல்வெளியையும் வெட்டவெளியையும் நம்பி வாழும் பறவைகள் முன்வரிசையில் நிற்கின்றன. சர்க்கார் கணக்கில் அந்த நிலத்துக்குப் பேர் தரிசு. வானம்பாடிக்கும் கல்குருவிக்கும் அது வீடு. தங்கவயலைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் இந்த வகைதான். காடு இல்லை என்று குறைபட்டுக்கொள்ளும் அன்பர்கள், இந்த நிலத்தை ஒரு தடவை குனிந்து பார்க்கலாம். ஆள்காட்டி முட்டையிட்டிருக்கும் இடத்தில் கூடு என்று சொல்ல நாலு கூழாங்கல்தான் இருக்கும். முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும். கால் வைத்த பிறகுதான் தெரியும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம்.

முதல் பிரச்சினை நேரம். பறவை பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் ஞாயிறு காலையைப் பிடித்துக்கொள்வார்கள். தங்கவயலில் ஞாயிறு காலை என்பது கோயில் நேரம். பூசைக்குப் போகிற குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் விடிகாலை ரயிலைப் பிடித்து, இரவு வீடு திரும்பும் ஆட்களை ஏழாவது நாளும் ஐந்து மணிக்கு எழுப்பினால் வீட்டில் பைனாகுலர் உடையும். அதனால் பேச்சுக்கூட்டம் சாயங்காலம் இருப்பதுதான் நியாயம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் வர முடிந்தவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். வர முடியாதவர்கள் சாயங்காலம் கேட்டுக்கொள்வார்கள். பெண்கள் வர வேண்டுமானாலும் இந்த நேரம்தான் சரி. இருட்டில் ஏரிக்கரைக்குத் தனியாகப் போகச் சொல்ல முடியாது, வகுப்பறையில் கூடினால் யாருக்கும் தயக்கம் இருக்காது.

தேதி ஒருபோதும் மாறக்கூடாது. மா. கிருஷ்ணன் 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் தொடங்கிய இயற்கைக் குறிப்புகளை 1996-இல் கண்ணை மூடும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு ஆண்டு. அவர் எழுத்தின் அழகைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அந்தத் தேதி தவறாமையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் மூன்று பேரோடு நடத்துங்கள். "கூட்டம் சேரட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற வாசகத்தில் செத்துப்போன சங்கங்களின் பட்டியல் மிக நீளம்.

இரண்டாவது, மொழி. பறவைக் கூட்டம் என்றால் இங்கிலீஷ் ஸ்லைடு என்ற ஒரு பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. தங்கவயலில் வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, ஆபீஸில் கன்னடம் என்று ஒரே ஆள் ஒரே நாளில் மூன்றும் பேசுகிறார். நாம் பனங்காடை என்கிற பறவை தெலுங்குக்காரருக்குப் பாலபிட்ட. தசரா அன்றைக்கு அதைப் பார்த்தால் நல்லது என்று தேடிப் போவார்கள். கன்னடத்தில் அதற்கு நீலகண்டன் பெயர், மாநிலப் பறவையும் அதுதான். 2023 அறிக்கை கவலையோடு குறித்திருக்கும் பறவைகளில் இதுவும் ஒன்று. சிட்டுக்குருவி தெலுங்கில் பிச்சுக்க, கன்னடத்தில் குப்பச்சி. இந்த மூன்று பெயரையும் ஒரு கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, "உங்கள் பாட்டி இதை என்ன என்று சொல்வார்?" என்று கேட்டால் முதல் கூட்டத்துக்குப் பேச்சாளரே தேவைப்படாது. புத்தகத்துக்கும் பஞ்சம் இல்லை. க. ரத்னம் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' இருக்கிறது. ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட கையேடு படத்தோடு இருக்கிறது. தமிழில் இயற்கையைப் பற்றி எழுதுவதைத் தன் பங்குக்கு ஒரு துறையாகவே வளர்த்த தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகளை, மழைக்காலத்தில் வெளியே போக முடியாத மாதத்தில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். பிரூஸ்டரின் பரணில் நடந்ததும் அதுதானே.

மூன்றாவது, பேசுகிறவர். பெங்களூரிலிருந்து நிபுணரை அழைப்பது நல்லதுதான், வருஷத்துக்கு இரண்டு தடவை. மற்ற பத்து மாதமும் உள்ளூர் ஆட்கள் பேச வேண்டும். அதிலும் முதல் வரிசையில், சுரங்கத்தில் வேலை செய்து ரிடையர் ஆன பெரியவர்களை உட்கார வையுங்கள். மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் மேலே வரும்போது முதலில் கேட்ட குரல் எது? லைன் வீட்டுக் கூரையில் எத்தனை சிட்டுக்குருவிக் கூடு இருந்தது? பிணந்தின்னிக் கழுகு வட்டமிட்டுப் பார்த்த கடைசி ஞாபகம் எந்த வருஷம்? சுரங்கத்துக்காகப் பேத்தமங்கலத்தில் பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கினார்களே, அந்தக் கரையில் அப்போது என்ன இறங்கும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வயதோடு கூடவே சுரங்கத் தூசி பிடித்த நுரையீரலும் இருக்கும். தாத்தா நன்றாக இருக்கும்போதே நாற்காலி போட்டுக் கேட்டு, போனில் பதிவு செய்துகொள்வது நல்லது.

கண்ணி வைத்துக் காடை பிடித்த கைகளும் ஊரில் இருக்கும். 1972-ஆம் வருஷத்து வனஉயிர்ச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் கௌதாரியின் எந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆளுக்குத் தெரிந்த அளவு எந்தப் பட்டதாரிக்கும் தெரியாது. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையின் மங்களஜோடி கிராமத்தில், வாத்து வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களே பறவைக் காவலர்களாகவும் படகோட்டும் வழிகாட்டிகளாகவும் மாறியிருக்கிறார்கள். போலீஸ் மட்டும் செய்த வேலையாக இருந்தால் அது நிலைத்திருக்காது. அவர்களுக்குத் தெரிந்ததற்கு மரியாதை கிடைத்தது.

பறவையைப் பற்றியே பேச வேண்டும் என்றும் இல்லை. இதே கோலார் மாவட்டத்தில் ஹனுமனஹள்ளி கிராமத்துக் குகை ஒன்றில் இருக்கும் கோலார் இலைமூக்கு வௌவால், உலகத்தில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. மொத்தமே சில நூறுதான். இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு பிராணி இருப்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இறக்கை இருக்கிறது, அதனால் ஒரு மாதம் கொடுக்கலாம்.

கூட்டத்தில் ஒரு ஆபத்து உண்டு. புதிதாகப் பெரிய லென்ஸ் வாங்கியவர். அவர் எடுத்த மீன்கொத்திப் படம் அருமையாக இருக்கும். அதே மீன்கொத்தியை அதே கிளையில் அறுபத்தெட்டு கோணத்தில் காட்டும்போதுதான் பின்வரிசை ஆட்கள் டீ குடிக்க நழுவுவார்கள். ஒருவருக்குப் பத்துப் படம் என்று முதல் நாளே விதி போட்டுவிடுவது நட்புக்கு நல்லது. கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படம், குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைத்து எடுத்த படம் இரண்டையும் சபையில் காட்டக்கூடாது என்பதும் விதியாக இருக்கட்டும். கை தட்டல் கிடைத்தால் அடுத்த ஆள் இன்னும் பக்கத்தில் போவார்.

வதந்தியைச் சோதிக்கவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. அக்‌ஷய் குமார் நடித்த '2.0' படம் வந்த பிறகு, செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி அழிந்தது என்று சொல்லாத ஆளே இல்லை. நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெரிய நகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று 'இந்தியப் பறவைகளின் நிலை' வரிசையின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. ஆண்டர்சன்பேட்டையில் என்ன நிலைமை? ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அரிசிக்கடை வாசலில் இன்னும் கொத்துகின்றனவா? ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்கொண்டு எண்ணி வந்தால் அடுத்த மாதமே பேசிவிடலாம். அக்‌ஷய் குமாரை நம்புவதா, அரிசிக்கடைக்காரரை நம்புவதா என்று சபை முடிவு செய்யட்டும்.

பேசியதில் முக்கால்வாசி மறந்துபோகும். அதனால் கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் நோட்டுக்கு. கனத்த அட்டை போட்ட ஒரு பெரிய நோட்டு, ஒவ்வொருவரும் அந்த மாதம் பார்த்ததைத் தானே எழுத வேண்டும். மாதிரிக்கு இப்படி இருக்கலாம்: "இரண்டாவது ஞாயிறு, காலை 6.40 முதல் 7.25 வரை. சயனைடு மேட்டின் கிழக்குச் சரிவு. காற்று பலம். கௌதாரி நாலு, குரல் மட்டும். ஆள்காட்டி இரண்டு, குஞ்சு இல்லை. கரிச்சான் ஒன்று, எருமை மேல். பஞ்சுருட்டான் தேடினேன், இல்லை." இதில் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். இல்லை என்று எழுதுவது யாருக்கும் பிடிக்காது. பின்னால் வருகிறவர்களுக்கு அந்த 'இல்லை'யும் பதிவு. தோதுப்பட்டால் அதையே ஈபேர்டு செயலியிலும் ஏற்றிவிடலாம். அதில் கால் மணி நேரம் நின்று, பார்த்த கேட்ட அத்தனையையும் எழுதும் முழுப் பட்டியலுக்குத்தான் மதிப்பு அதிகம். அரிதான ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டுக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். காக்கை குறைந்தது தெரிய வேண்டுமானால் காக்கையை எழுதியிருக்க வேண்டும்.

2018-இலிருந்து பெங்களூரின் கே.சி. வேலியிலிருந்து சுத்திகரித்த தண்ணீர் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு வருகிறது. வருஷக்கணக்கில் கருவேலம் முளைத்துக் கிடந்த ஏரிகளில் தண்ணீர் நின்றது. நீர்ப்பறவைகள் வந்தன என்று சந்தோஷப்படுகிறவர்களும், அது என்ன தண்ணீர் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருடைய வாதத்துக்கும் 2018-க்கு முந்திய நோட்டு வேண்டும். வறண்ட ஏரியில் அப்போது என்ன மேய்ந்தது என்ற நோட்டு. மேடுகளின் விஷயத்தில் அப்படித் தேட வேண்டிய நாள் இன்னும் வரவில்லை. இன்னும் மண் அப்படியே இருக்கிறது.

பேச விஷயம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம், காலண்டரே எடுத்துக் கொடுக்கும். ஜனவரியில் தமிழ்நாட்டில் 2015-இலிருந்து நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. எல்லை தாண்டி நீங்களும் சேர்ந்துகொண்டால் யாரும் பாஸ்போர்ட் கேட்கப்போவதில்லை. பிப்ரவரியில் உலகம் முழுக்க நாலு நாள் கணக்கெடுப்பு. மார்ச்சில் பஞ்சுருட்டான் வளை. ஜூனில் சுடலைக்குயில் கத்தத் தொடங்கினால் மழைக்கதை. ஆகஸ்டில் பேத்தமங்கலத்தில் தூக்கணாங்குருவிக் கூடு. செப்டம்பரில் யார் தெருவில் முதல் வாலாட்டி என்று பந்தயம், தோற்றவர் எல்லாருக்கும் டீ. நவம்பரில் பொட்டல்மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்து.

இடம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு பள்ளி வகுப்பறை, ஒரு சபைக் கூடம், இரண்டும் இல்லாவிட்டால் யார் வீட்டுத் திண்ணையாவது. சந்தா வேண்டாம், தலைவர் செயலாளர் பதவி ஒரு வருஷத்துக்காவது வேண்டாம். பதவி வந்தால் பொன்னாடை வரும், பொன்னாடை வந்தால் பேச்சாளருக்குக் கிடைக்கும் நேரம் பதினைந்து நிமிஷம். நோட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர், டீக்குச் சொல்ல ஒருவர், இரண்டு பேர் போதும்.

ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஏழு மணிக்கு முடியும். வீடு திரும்பும்போது டார்ச் கொண்டுபோனவர்கள் மேட்டை ஒட்டிய ரோட்டில் கொஞ்சம் மெதுவாகப் போகலாம். பகல் சூடு தாருக்குள் இன்னும் இருக்கும், பக்கி அங்கே வந்து உட்காரும் பறவை. வெளிச்சத்தில் செந்தணல் மாதிரி ஒரு ஜோடிக் கண் தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். எழும்பிப் போனதும் நேரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் கேட்பார்கள்.

அன்புடன்,
தங்கவயலைத் தூரத்திலிருந்து கவனிக்கும் ஒரு வாசகர்